சாவி கிடைக்காத வாடகை வீடு: காத்திருப்பதா, அட்வான்ஸைக் கேட்பதா, அரைகுறை வீட்டில் ஏறிவிடுவதா?

ஜூன் 1-ஆம் தேதி குடிபோக வேண்டிய வீட்டை மே 27-ஆம் தேதி போய்ப் பார்த்தேன். நாகர்கோவிலில் பார்வதிபுரம் மேம்பாலத்தைத் தாண்டி உள்ளே போகும் ஒரு தெரு. ஆறு வீடு கொண்ட புதுக் கட்டடம், இரண்டாம் மாடியில் எங்களுக்கு. படிக்குக் கைப்பிடி வைக்கவில்லை. கம்பி நடுவதற்குத் துளைத்த ஓட்டைகள் படிக்குப் படி வாயைத் திறந்து கிடந்தன. குளியலறைக்கு நிலை இருக்கிறது, கதவு இல்லை. சமையல் மேடைக்கான கருங்கல் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். கீழே மாடிப்படிக்கு அடியில் ஒரு மரப்பலகையில் தற்காலிக மீட்டர், அதிலிருந்து ஒரு வயர் ஜன்னல் வழியாக மேலே போகிறது.

“வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிரும் தம்பி, உறப்பாக்கும்” என்றார் வீட்டுக்காரரின் அண்ணன். வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்கிறார். இங்கே எல்லாம் இந்த அண்ணாச்சிதான். அவர் போன் பேசப் போன நேரத்தில் டைல்ஸ் பதிக்கும் பையனிடம் தனியாகக் கேட்டேன். அவன் சிரித்தான்.

அந்தச் சிரிப்பிலிருந்துதான் கணக்குப் போட ஆரம்பித்தேன். வாடகை 11,000 ரூபாய். அட்வான்ஸ் 50,000 கொடுத்தாயிற்று. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கமிஷன் போய்விட்டது. இருந்த வீட்டை மே 31-க்குள் காலி செய்வதாகச் சொல்லி, அந்த வீட்டுக்காரர் அடுத்த ஆளிடம் அட்வான்ஸும் வாங்கிவிட்டார். பிள்ளைக்கு ஜூனில் பள்ளி திறக்கிறது. இந்த நிலையில் மாட்டிய யாருக்கும் நான்கு வழிதான் உண்டு: ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேட்பது, புதுத் தேதி எழுதி வாங்கிக்கொண்டு காத்திருப்பது, குறைந்த வாடகைக்கு அரைகுறை வீட்டிலேயே ஏறிவிடுவது, வேறு இடத்தில் தற்காலிகமாகத் தங்கி அந்தச் செலவை வீட்டுக்காரரிடம் வாங்குவது. நான்கையும் நான் யோசித்தேன், இரண்டைச் செய்து பார்த்தேன்.

முதலில் ஒரு சட்டப் பிரிவு. இதைத் தெரியாமல்தான் பெரும்பாலானவர்கள் நஷ்டப்படுகிறார்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு இரண்டு விஷயம் சொல்கிறது. குறித்த தேதியில் செய்து தருவதுதான் முக்கியம் என்று இரு தரப்பும் வைத்துக்கொண்ட ஒப்பந்தத்தில் தேதி தவறினால், மற்றவர் அந்த ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்ளலாம். இது பலருக்கும் ஊகத்தில் தெரியும். அடுத்தது தெரியாது: தேதி தவறிய பிறகும் அதை நீங்கள் ஏற்றுக்கொண்டால், ஏற்றுக்கொள்ளும் நேரத்திலேயே ‘நஷ்டஈடு கேட்பேன்’ என்று அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தாமதத்துக்கான நஷ்டஈட்டைப் பிறகு கேட்க முடியாது. அதாவது இரண்டு மாதம் அலைந்துவிட்டு, ஒரு நல்ல நாளில் சாவியைக் கையில் வாங்கி, பால் காய்ச்சி, வீட்டுக்காரருக்கும் ஒரு டம்ளர் கொடுத்து அனுப்பினீர்கள் என்றால் உங்கள் வழக்கையும் அந்தப் பாலோடு சேர்த்துக் குடித்துவிட்டுப் போய்விடுவார். சாவி வாங்குவதற்கு முன்பு அனுப்பும் இரண்டு வரி வாட்ஸ்அப் செய்தி, வாங்கிய பிறகு அனுப்பும் வக்கீல் நோட்டீஸைவிட மதிப்புள்ளது.

இனி வழிகளைப் பார்ப்போம்.

முறித்துக்கொண்டு பணத்தைக் கேட்பது சட்டப்படி சுத்தமான வழி. ஒப்பந்தம் இல்லாமல் போனால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 65-ஆம் பிரிவு சொல்கிறது. அட்வான்ஸ் முழுவதும் உங்களுடையது. ‘குடியே போகாதவனுக்கு வெள்ளையடிக்கும் செலவைப் பிடிப்பேன்’ என்ற பேச்செல்லாம் செல்லாது. ஆனால் நடப்பு வேறு. கையில் வாங்கிய அட்வான்ஸ் அன்றைக்கே சிமெண்டாகவும் டைல்ஸாகவும் மாறிவிட்டது. “அடுத்த ஆளு அட்வான்ஸ் தந்ததும் உனக்குத் தாறேன்” என்பார்கள். முடியாத வீட்டுக்கு அடுத்த ஆள் எப்போது வருவார்? மேலும் புது வீடு தேட மறுபடி ஒரு மாத வாடகை புரோக்கருக்கு. அது 11,000. இந்தப் பணத்தைச் சாவி தராத வீட்டுக்காரரிடம் நஷ்டஈடாகக் கேட்கலாம்தான். கேட்டதும் கிடைப்பது வேறு.

அப்படியும் சிலருக்கு இதுதான் சரியான வழி. கட்டடத்தில் பூச்சு வேலையே முடியவில்லை, கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டார், கான்ட்ராக்டருக்கும் வீட்டுக்காரருக்கும் பணத் தகராறு என்று தெரிந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். அது தாமதம் இல்லை, நின்றுபோன வேலை. இதைக் கண்டுபிடிக்க நான் சொல்லும் வழி: மதியம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், புதிதாக மணல் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தால் போதும், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஒத்திக்குப் பணம் கொடுத்தவர்கள் இந்த முதல் வழியைத்தான் யோசிக்க வேண்டும். நம் பக்கம் மூன்று லட்சம், ஐந்து லட்சம் கொடுத்து வாடகையில்லாமல் இருப்பது சாதாரணம். அவ்வளவு பணம் ஒருவர் கையில் சும்மா கிடக்க, வீடு மட்டும் வரவில்லை என்றால் நாள்தோறும் நஷ்டம் உங்களுக்குத்தான். தவிர, அனுபவ பாத்தியதையோடு (குடியிருந்து அனுபவிக்கும் உரிமையோடு) கூடிய ஒத்தி என்றால் நூறு ரூபாய்க்கு மேற்பட்ட எதற்கும் பதிவு செய்த பத்திரம் வேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டம். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருப்பதை மட்டும் நம்பி மாதக்கணக்கில் பொறுமை காட்டுவது எனக்குப் புரியாத தைரியம்.

அரைகுறை வீட்டில் ஏறிவிடுவது

இந்த யோசனையை அண்ணாச்சியே சொன்னார். “7,000 தந்தா போதும், நீங்க கேறி இருங்க, வேலை ஒரு பக்கம் நடக்கட்டும்.” மாதம் 4,000 மிச்சம். மனைவி ஒரு நிமிஷம் யோசித்தாள், நானும்தான். மற்ற மூன்றையும்விட இதற்குத்தான் மனம் சாயும், ஏனென்றால் உடனே தலைக்குமேல் ஒரு கூரை கிடைக்கிறது.

ஆனால் உள்ளே போன பிறகு என்ன ஆகும் என்று பாருங்கள். வேலையை முடிக்க வீட்டுக்காரருக்கு இருந்த ஒரே அவசரம் உங்கள் வாடகை. அது வரத் தொடங்கியதும் கொத்தனாரை அனுப்புவதில் அவருக்கு அவசரம் இல்லை. தற்காலிக மின் இணைப்பில் இருந்தால் வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் இலவச யூனிட் கிடையாது. கட்டுமானத்துக்கான கட்டணமே வேறு, அது வீட்டுக் கட்டணத்தைவிட அதிகம். டைல்ஸ் வெட்டும் தூசியும் சத்தமும் உங்களுக்கு. கைப்பிடி இல்லாத படியில் ஆறு வயதுப் பிள்ளை ஏறி இறங்க வேண்டும். முக்கடல் அணைக் குடிநீர் இணைப்பு வரும்வரை கீழே தொட்டியிலிருந்து குடம். இதையெல்லாம் 4,000 ரூபாய்க்கு விற்பதா?

சட்டத்திலும் இதுதான் பலவீனமான நிலை. நீங்களே பார்த்து, தெரிந்து, குறைந்த வாடகைக்குச் சம்மதித்து ஏறியிருக்கிறீர்கள். நாளை ‘வீடு முடியவில்லை’ என்று புகார் சொன்னால், ‘அதுக்குத்தானே குறைச்சுக் குடுத்தேன்’ என்ற பதில் தயாராக இருக்கும். தனியாள், பகலெல்லாம் வேலைக்குப் போகிறவர், ராத்திரி படுக்க இடம் போதும் என்றால் பரவாயில்லை. அப்போதும் மீதி வேலைகளை ஒவ்வொன்றாக எழுதி, எந்தத் தேதிக்குள் என்று போட்டு, அதுவரை 7,000, அதற்குப் பிறகுதான் 11,000 என்று கையெழுத்து வாங்க வேண்டும். குழந்தையும் வயதானவர்களும் இருக்கும் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

ஏறியபின் ஒரு பாதுகாப்பு மட்டும் உண்டு. 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி வாடகை ஆணையமாக இருக்கிறார். குடியிருப்பவருக்குத் தண்ணீரையோ மின்சாரத்தையோ வீட்டுக்காரர் தடுத்தால் அவரிடம் மனுப் போடலாம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிவாக வேண்டும் என்பதும் இந்தச் சட்டம்தான். வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. (நான் கொடுத்த 50,000 நாலரை மாதக் கணக்கு. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டது நான்தான், யாரைச் சொல்ல?) ஆனால் சாவியே தராததற்கு நஷ்டஈடு கேட்க நேராக இங்கே ஓடுவதில் பயன் குறைவு, இந்த ஏற்பாடு குடியேறிய பிறகு வரும் சண்டைகளுக்காகச் செய்யப்பட்டது.

மாமனார் வீட்டுக் கணக்கு

நாங்கள் தக்கலையில் மனைவியின் அப்பா வீட்டுக்குப் போனோம். சாமானை இரண்டு முறை ஏற்றி இறக்கியதில் கூடுதலாக 6,800 ரூபாய் ஆயிற்று. பிள்ளையின் பள்ளியும் என் வேலையும் நாகர்கோவிலில். பெட்ரோல், வேன் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஏறக்குறைய 150 ரூபாய் கூடுதல். ஆகஸ்ட் 20-ஆம் தேதிதான் சாவி வந்தது. எண்பது நாள் தாமதம், அதில் 62 வேலைநாள், ஆக 9,300. மொத்தம் 16,100.

இங்கேதான் எனக்கே கசந்த ஒரு விஷயம். ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, முறிவால் இயல்பாக வரும் நஷ்டத்தையும், ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த நஷ்டத்தையும்தான் தரச் சொல்கிறது. தூரத்து நஷ்டம் சேராது. நஷ்டத்தைக் குறைக்க உங்களிடம் என்ன வழி இருந்தது என்பதையும் பார்ப்பார்கள். எண்பது நாள் நான் யாருக்கும் வாடகை கொடுக்கவில்லை. அந்த மிச்சத்தை எதிர்த்தரப்பு வக்கீல் சுட்டிக்காட்டாமல் விடமாட்டார். வாடகைக்குத் தற்காலிக வீடோ லாட்ஜோ எடுத்திருந்தால், புது வீட்டு வாடகைக்கு மேல் கூடுதலாகப் போன தொகையைப் பில்லோடு கேட்டிருக்கலாம். மாமனார் தோசைக்குப் பில் போடவில்லை. எண்பது நாள் இன்னொருவர் வீட்டில் இருப்பதற்கு என்ன விலை என்பது சட்டத்தில் இல்லை.

‘ஒப்பந்தம் போடும்போதே தெரிந்திருந்த’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். பள்ளி திறக்கும் தேதி, பழைய வீட்டைக் காலி செய்யும் தேதி, பிரசவம், ஆஸ்பத்திரி என்று உங்களுக்கு என்ன அவசரமோ அதை அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே ஒரு செய்தியாக அனுப்பிவிடுங்கள். பிறகு ‘எனக்குத் தெரியாது’ என்று அவர் சொல்ல முடியாது.

மழை மேல் பழி போடுவார்கள். எனக்கும் சொன்னார்கள். எடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) இந்த மாவட்டத்தில் வருடா வருடம் ஜூனில் வருவது. ஜூன் 1 என்று தேதி குறித்தவருக்கு அது தெரியாதா? ஒக்கி மாதிரி 2017 நவம்பர் கடைசியில் வந்த புயல் என்றால் பேசாமல் இருக்கலாம். வழக்கமான சாரல் நஷ்டஈட்டைத் தள்ளிவிடாது.

இன்னொரு நம்மூர் கணக்கும் உண்டு. ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். ஆடியில் யாரும் குடிபோவதில்லை. ஜூலை 17-ஐத் தாண்டினால் அந்தத் தாமதம் தானாகவே ஒரு மாதம் நீண்டுவிடுகிறது. அண்ணாச்சிக்கு இது வசதியாகப் போயிற்று: “ஆடி கழியட்டும், ஆவணியில நல்ல நாளாப் பாத்துக் கேறலாம்.” புதுத் தேதி எழுதும்போது ஆனிக்குள் வரும்படி எழுதாவிட்டால், ஆடி மாதத் தாமதத்துக்கு நீங்கள்தான் காரணம் என்று ஆகிவிடும். கோர்ட் ஆடியைப் பார்க்காது, வீட்டில் பெரியவர்கள் பார்ப்பார்கள்.

எங்கே போய்க் கேட்பது

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போ என்று எல்லாரும் சொன்னார்கள். நாகர்கோவிலிலேயே மாவட்ட ஆணையம் இருக்கிறது, ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. ஆனால் வெறுமனே வீட்டை வாடகைக்கு விடுவது அந்தச் சட்டம் சொல்லும் ‘சேவை’க்குள் பொதுவாக வராது, வீட்டுக்காரர்-குடித்தனக்காரர் தகராறு என்று சொல்லித் திருப்பி அனுப்பும் வாய்ப்பே அதிகம். ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இன்னும் தெளிவு: 2016-ஆம் ஆண்டு அந்தச் சட்டம், வாடகைக்கு வீடு பெற்றவர் ஒதுக்கீடு பெற்றவர் அல்ல என்று வரையறையிலேயே எழுதி வைத்திருக்கிறது. பிளாட்டை விலைக்கு வாங்கியவருக்குத்தான் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி. ஒன்று மட்டும் உண்டு: உங்கள் வீட்டுக்காரரே பெரிய குடியிருப்பில் பில்டரிடம் பிளாட் வாங்கிவிட்டுக் காத்திருப்பவர் என்றால், அவருக்கு அந்த வட்டி வரும். அவருக்கு வட்டி, நமக்கு மட்டும் பொறுமையா என்று பேரம் பேச அது நல்ல பிடி.

மீதி இருப்பது முன்சீப் கோர்ட். மாவட்டத்தில் நாகர்கோவில், இரணியல், பத்மநாபபுரம், குழித்துறை, பூதப்பாண்டி என்று இருக்கின்றன. வழக்குத் தொகையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம். என் 16,100-க்கு 483 ரூபாய். கட்டணம் பயமுறுத்தவில்லை. வக்கீல் பீஸும் வருடங்களும்தான். மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இதற்கு நடுவே ஒரு வழியை நம் ஆட்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. வழக்குப் போடும் முன்பே அங்கே மனுக் கொடுத்தால் எதிர்த்தரப்பைக் கூப்பிட்டுப் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. 15100-க்கு போன் செய்து கேட்கலாம். லோக் அதாலத்தில் உடன்பாடு எழுதினால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் இல்லை. இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும் என்பது அதன் குறை. ஆனால் வளைகுடாவில் இருப்பவருக்கு ஊரில் தன் பெயருக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது என்பதே பாதி வேலை செய்யும்.

என் விஷயத்தில் அவ்வளவு தூரம் போகவில்லை. ஜூன் 3-ஆம் தேதி வீட்டுக்காரருக்கும் அண்ணாச்சிக்கும் ஒரே செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்: ஜூன் 1 தவறிவிட்டது, காத்திருக்கத் தயார், ஆனால் சாவி வாங்கும்போது தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்பேன். அதையே ஸ்பீடு போஸ்ட்டிலும் போட்டு ரசீதை வைத்துக்கொண்டேன். அண்ணாச்சிக்குக் கோபம். இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்காரரே அங்கிருந்து கூப்பிட்டார், “அண்ணன்கிட்ட பேசியாச்சு, என்ன வேணும் சொல்லுங்க” என்று.

நாள் ஒன்றுக்கு 300 ரூபாய் கேட்டேன். ஒப்பந்தத்தில் இப்படி ஒரு தொகை எழுதினால், கோர்ட் அதற்கு உட்பட்டு நியாயமானதைத் தரும் என்பது 74-ஆம் பிரிவு. அவர் நாள் கணக்குக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒன்றரை மாத வாடகை தள்ளுபடி, ஆக 16,500 ரூபாய். கோர்ட்டில் முழுசாக ஜெயித்திருந்தாலும் எனக்கு வந்திருக்கக் கூடியது 16,100. இதற்கு அவர் பாக்கெட்டிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க வேண்டியதில்லை, வரவேண்டியது வராமல் போகிறது, அவ்வளவுதான். வாடகைக்காரருக்கு நஷ்டஈடு பணமாகக் கேட்பதைவிட வாடகையில் கேட்பது சுலபம் என்பதை நான் அப்போதுதான் புரிந்துகொண்டேன். அதனால்தான் நான்கில் எது என்று கேட்டால், வேலை உண்மையிலேயே நடக்கும் கட்டடத்துக்கு எழுதி வாங்கிக் காத்திருப்பது என்பேன். வேலை நின்ற கட்டடத்துக்கு முதல் வழி.

எழுதியதில் யார் கையெழுத்து என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது. அண்ணாச்சிக்குப் பவர் பத்திரம் இல்லை. அவர் போடும் கையெழுத்து தம்பியைக் கட்டுமா என்ற சந்தேகம் எனக்கு. வீட்டுக்காரர் அங்கிருந்தே வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுப் படம் எடுத்து அனுப்பினார், தன் மின்னஞ்சலிலிருந்தும் ஒரு பிரதி. மின்னணுப் பதிவைச் சான்றிதழோடு கோர்ட்டில் சாட்சியமாக வைக்க முடியும் என்பதால் அந்தப் போனை நான் இன்னும் மாற்றவில்லை.

ஆகஸ்ட் 20-ஆம் தேதி காலையில் பால் காய்ச்சினோம். கைப்பிடி வந்திருந்தது, குளியலறைக் கதவும். சாவியை வாங்கும் முன், மீதி வேலை என்று ஒரு தாளில் எழுதியதை அண்ணாச்சியிடம் நீட்டினேன்: பால்கனிக் கம்பிக்குப் பெயிண்ட், சமையலறை ஜன்னலுக்குக் கொசுவலை, மொட்டை மாடிக் குழாய். படித்துவிட்டு, “இதுக்குமா எழுத்து?” என்றார். கையெழுத்துப் போட்டார். கொசுவலை மட்டும் இன்னும் வரவில்லை.